பந்தய இரவும் லீக் இரவும்

விளையாட்டும் பந்தயமும் ஒரே வீட்டில் வளர்ந்த இரு பிள்ளைகளைப் போன்றவை. ஒன்றை அழைத்தால் மற்றொன்றும் கூடவே வந்து நிற்கும். எது மூத்தது, எது இளையது என்று கூறுவதற்கில்லை. ஆனால் இரண்டினுள் எது வீட்டை ஆளுகின்றது என்பதைப் பொறுத்தே அவ்வீட்டின் வாழ்வும் தாழ்வும் அமைகின்றன. இவ்வுண்மையைக் காண்பதற்குப் பெரிய நகரங்களுக்குச் செல்ல வேண்டியதில்லை. சப்பிரகமுவ மாகாணத்தில், எஹலியகொடையைச் சூழ்ந்துள்ள இறப்பர்த் தோட்டங்களின் சம்பள நாள் இரவு ஒன்றை நினைத்துப் பார்த்தால் போதும்.

மாதத்தின் பத்தாம் தேதி தோட்டத்தில் ஒரு தனி நாள். விடியற்காலையிலே பிரட்டுக்களத்தில் பெயர் கொடுத்து, பால்வெட்டி முடித்து வந்தவர்கள் பிற்பகலிலே கந்தோர் வாசலில் வரிசையாக நிற்பர். கணக்கப்பிள்ளை பெயரைக் கூப்பிடுவார். ஒரு மாத உழைப்பு சில தாள்களாகக் கையில் வந்து சேரும். அன்றிரவு தோட்டத்திலே இரண்டு விளக்குகள் எரியும். ஒன்று லயத்தின் பின்புறத்தில், பாதையிலிருந்து பார்ப்போர் கண்ணிற் படாத மூலையில் எரியும் குப்பிவிளக்கு. அதனடியில் ஒரு சாக்கு விரிப்பு, ஒரு கட்டுக் கடதாசி, சுற்றிலும் குந்தியிருக்கும் நான்கைந்து பேர். மற்றொன்று வாசிகசாலையிலே கரம் பலகைக்கு மேலே தொங்கும் விளக்கு. அதனைச் சுற்றியும் அதே மாதிரியான மனிதர்கள். அதே மாதிரியான ஆரவாரம். இவ்விரண்டு விளக்குகளுள் எது நள்ளிரவு கடந்தும் எரிகின்றது என்பதைப் பொறுத்தே மறுநாள் சில வீடுகளில் அடுப்பு எரிவதும் எரியாமையும் இருந்தன.

தோட்டத்து மக்களுக்குச் சூதின் கதை புதிதன்று. அருச்சுனன் தபசுக் கூத்தினை இரவிரவாகக் கண்டு வளர்ந்தவர்களுக்கு, பாண்டவர் ஏன் காடு புகுந்தனர் என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. திருவள்ளுவரும் பொருட்பாலிலே சூதுக்கென ஓர் அதிகாரத்தையே ஒதுக்கினார். எனினும் அறிவுரையைக் கேட்கும் செவி வேறு, காயை உருட்டும் கை வேறு என்பதைப் போல, கேட்டவர்களும் ஆடினர். பாரதக் கதையிலே கவனிக்கத் தக்க செய்தி மற்றொன்றும் உண்டு. தருமனை அழைப்பதற்கு முன்னரே துரியோதனன் ஒரு மண்டபத்தை எழுப்பினான். சூதுக்கு முதலில் வேண்டியது ஓர் இடம். ஆகவேதான் அதனை ஒழிக்க முற்பட்ட அரசுகளும் எக்காலத்தும் முதலில் இடத்தின் மீதே கைவைத்தன. இடத்தை அடைத்தால் சூது ஒழியுமா? இவ்வினாவுக்கு வரலாறு மிகத் தெளிவான விடை தருவது, நம்மவர் அதிகம் அறியாத ஓர் ஆட்டத்தின் மூலமாகத்தான். அது ‘போலிங்’ எனப்படும் பந்துருட்டு ஆட்டம்.

இவ்வாட்டத்தின் அமைப்பு எளியது. வழவழப்பான நீண்ட மரத்தளம் ஒன்று. ஆடுபவர் நிற்கும் கோட்டிலிருந்து 60 அடி தூரத்தில், முக்கோணமாகப் பத்துக் கட்டைகள் நிறுத்தப்பட்டிருக்கும். ஒவ்வொரு கட்டையும் 15 அங்குல உயரம். கழுத்து சிறுத்து, வயிறு பருத்த வடிவம். ஆடுபவர் 16 இறாத்தல் வரை எடையுள்ள பந்தொன்றினைத் தளத்தின்மீது உருட்டிவிட, அது சென்று கட்டைகளை வீழ்த்தும். எல்லா எறிவுகளிலும் பத்துக் கட்டைகளையும் ஒருங்கே வீழ்த்துபவர் பெறும் முழு எண் 300. கேட்பதற்குச் சிறுபிள்ளை விளையாட்டாகத் தோன்றும். தோற்றுவாயும் அத்தகையதே. எகிப்து நாட்டின் நகாடா என்னுமிடத்தில், ஏறக்குறைய 5,000 ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு குழந்தையின் கல்லறையை அகழ்ந்த பிளிண்டர்ஸ் பீற்றி என்னும் ஆய்வாளர், சிறு கற்பந்துகளையும் கட்டை போன்ற கற்களையும் அங்கே கண்டெடுத்தார். இறந்த குழந்தை மறுமையிலும் விளையாட வேண்டுமென்று பெற்றோர் உடன்வைத்தனர் போலும்.

குழந்தையின் கையிலிருந்த பந்து வளர்ந்தவர் கைக்கு மாறியபொழுது பந்தயமும் கூடவே வந்தது. இங்கிலாந்திலே எட்டாம் ஹென்றி மன்னன் 1541ஆம் ஆண்டில் ஒரு சட்டம் இயற்றினான். குடிமக்கள் வில்வித்தையை மறந்து, பந்துருட்டிலும் பகடையிலும் சீட்டிலும் காலத்தையும் காசையும் கரைக்கின்றனர் என்பது அச்சட்டம் கூறிய காரணம். தொழிலாளரும் கைவினைஞரும் வேலையாட்களும் கிறிஸ்மஸ் காலத்தில் மட்டும், அதுவும் தம் எசமானரின் இல்லத்திலே, இவ்வாட்டங்களை ஆடலாம்; மற்றைய நாட்களில் ஆடினால் தண்டம். ஆட்டக் கூடம் நடத்துபவருக்கும் தண்டம். ஆனால், ஆண்டுக்கு 100 பவுண் நிலவருமானம் உடையோர்க்குத் தம் எல்லைக்குள்ளே ஆடுவதற்கு அனுமதி பெறும் வழி திறந்திருந்தது. சட்டம் இயற்றிய மன்னனது அரண்மனையிலும் பந்துருட்டுக் களங்கள் இருந்தன. ஆட்டம் ஒன்றே, ஆடுபவன் யார் என்பதைப் பொறுத்து ஓரிடத்தில் அது பொழுதுபோக்காகவும் ஓரிடத்தில் குற்றமாகவும் கருதப்பட்டது. திறமையால் ஆடும் ஆட்டங்கள் மீதிருந்த அத்தடை நீங்கியது 1845ஆம் ஆண்டிலேதான். ஏறக்குறைய 300 ஆண்டுகள் அச்சட்டம் ஏட்டிலே இருந்தது. அத்தனை காலமும் மக்கள் ஆடிக்கொண்டுமிருந்தனர்.

கடல் கடந்து அமெரிக்காவிலே குடியேறியவர்கள் இவ்வாட்டத்தையும் உடன் கொண்டு சென்றனர். நியூ யோர்க் நகரில் 1733ஆம் ஆண்டிலே ஒரு சிறு நிலம் பந்துருட்டும் புல்வெளியாகக் குத்தகைக்கு விடப்பட்டது. குத்தகைப் பணம் ஆண்டுக்கு ஒரு மிளகு! மிளகுக் கொடி படர்ந்த சப்பிரகமுவத் தோட்டங்களில் வாழ்வோர்க்கு இச்செய்தி வியப்பும் நகைப்பும் தருவதாகும். அந்த இடம் இன்றும் ‘போலிங் கிறீன்’ என்ற பெயருடன் ஒரு சிறு பூங்காவாக விளங்குகின்றது.

புல்வெளியிலிருந்து ஆட்டம் கூரையின்கீழ் வந்தபொழுதுதான் அதன் குணம் மாறியது. 1840ஆம் ஆண்டளவில் நியூ யோர்க்கிலே உள்ளரங்கக் கூடங்கள் தோன்றலாயின. மழையென்றும் இருளென்றும் தடையில்லை. குடிக்க மதுவும் அருகிலே கிடைத்தது. அந்நாளில் ஒன்பது கட்டைகளை வைத்தே ஆடுவர். ஆட்டத்தைக் காட்டிலும் பந்தயம் பெரிதாகவே, கனெற்றிக்கட் மாநிலம் 1841ஆம் ஆண்டில் ஒன்பது கட்டை ஆட்டக் கூடங்களைத் தடைசெய்தது. அப்பொழுது சூதாடிகள் பத்தாவது கட்டை ஒன்றைச் சேர்த்து, ‘சட்டம் தடுத்தது ஒன்பதையே, இது பத்து’ என்று கூறித் தப்பினர் என்று ஒரு கதை வழங்குகின்றது. கதைக்கு உறுதியான சான்று இல்லை. பத்துக் கட்டை ஆட்டம் அதற்கு முன்னரே இருந்தது என்பாரும் உளர். எனினும் மக்கள் அக்கதையை விரும்பிச் சொல்லி வந்தமைக்குக் காரணம் உண்டு. சட்டம் ஒரு வாயிலை அடைத்தால் சூது மறு வாயிலைத் திறக்கும் என்பதை அனைவரும் அனுபவத்தால் அறிந்திருந்தனர்.

அவ்வாறாயின் இவ்வாட்டத்தைச் சூதின் பிடியிலிருந்து மீட்டது எது? சட்டமன்று; ஆடியவர்களே கூடி அமைத்த ஒழுங்கு. 1895ஆம் ஆண்டு செப்டெம்பர் 9ஆம் நாள் நியூ யோர்க் நகரின் பீதோவன் மண்டபத்திலே பல கழகங்களின் பிரதிநிதிகள் கூடினர். அவர்களுள் முதன்மையானவர் ஜேர்மனியிலிருந்து வந்து குடியேறி உணவுவிடுதி நடத்திய ஜோ தும் என்பவர். அதற்கு முன் ஒவ்வோர் ஊரிலும் பந்தின் எடை ஒன்று, கட்டையின் வடிவம் ஒன்று, எண்ணும் முறை ஒன்று. ஒழுங்கில்லாத இடம் ஏமாற்றுவோர்க்கு வாய்த்த இடம். அன்று தோன்றிய அமெரிக்கப் பந்துருட்டுக் காங்கிரஸ் அனைத்துக்கும் ஒரே அளவை விதித்தது. 1901ஆம் ஆண்டு ஜனவரியில் சிக்காகோ நகரிலே முதலாவது தேசியப் போட்டி நடைபெற்றபொழுது 41 அணிகள் கலந்துகொண்டன. 1916ஆம் ஆண்டில் பெண்களும் செயின்ற் லூயிஸ் நகரிலே கூடித் தமக்கென ஒரு சங்கம் கண்டனர்.

இவ்வொழுங்கிலிருந்து பிறந்ததுதான் லீக் இரவு. வாரத்தில் ஒரு நாள், குறித்த நேரத்தில், அதே அணியினர் அதே கூடத்தில் கூடுவர். தொழிற்சாலைக்கு ஓர் அணி, தேவாலயத்துக்கு ஓர் அணி, தெருவுக்கு ஓர் அணி. ஒவ்வொருவரின் பெயரும் ஏட்டில் எழுதப்படும். ஒவ்வோர் எறிவின் எண்ணும் பெயருக்கு நேரே பதியப்படும். திறமை குறைந்தவருக்கு அவரது முந்திய சராசரியைக் கணக்கிட்டுச் சில எண்கள் கூட்டிக் கொடுக்கப்படும். ஆதலின் வல்லவனும் எளியவனும் ஒரே தளத்தில் நிற்க முடிந்தது. சிறு காசு பரிசாக இருந்தது உண்மையே. ஆயினும் அதனை இழந்து எவர் வீட்டிலும் அடுப்பு அணையவில்லை. பந்தய இரவில் ஒருவன் மற்றவனது பணத்தை வெல்லப் பார்த்தான். லீக் இரவில் ஒருவன் தன் சென்ற வார எண்ணை வெல்லப் பார்த்தான்.

ஆயினும் லீக்கின் வரலாற்றிலே நிழல்களும் உண்டு. கட்டைகள் விழுந்ததும் அவற்றை மீண்டும் நிமிர்த்தி அடுக்கியவர் யார்? தளத்தின் மறுமுனையிலே, பந்து வந்து மோதும் குழியின் மேலே, சிறுவர்கள் உட்கார்ந்திருந்தனர். பந்து மோதியவுடன் கீழே குதித்துக் கட்டைகளை அடுக்கி, பந்தைத் திருப்பி அனுப்பி, அடுத்த பந்து வருமுன் ஏறிக்கொள்ள வேண்டும். சற்றுத் தாமதித்தால் காலிலே காயம். 1910ஆம் ஆண்டு ஏப்ரலில், நியூ யோர்க்கின் புறூக்லின் பகுதியில் நள்ளிரவு ஒரு மணிக்கு லூயிஸ் ஹைன் என்பவர் இச்சிறுவர்களைப் புகைப்படம் எடுத்தார். அவர் சிறுவர் உழைப்பை எதிர்த்த தேசியக் குழுவுக்காகப் படமெடுத்தவர். இன்னும் சிறியவர் மூவரைப் படத்தில் விழாதவாறு முதலாளி ஒதுக்கிவிட்டார் என்பதையும் அவர் குறித்துவைத்தார். பெரியவர்களின் ஆட்டத்துக்காகப் பிள்ளைகளின் உறக்கம் பறிபோயிற்று. கொழுந்துக் கூடையும் பால்வாளியும் சுமந்த சிறுவர்களை ஒரு காலத்தில் கண்ட தோட்டத்து மக்களுக்கு இப்படத்தின் பொருளை விளக்க வேண்டியதில்லை. பிறெட் சிமிட் என்பவர் ஆக்கிய தானியங்கி அடுக்குப்பொறி 1946ஆம் ஆண்டில் மக்கள் முன் காட்டப்பட்டது. 1952ஆம் ஆண்டு முதல் கூடங்களில் வேலைக்கு வந்தது. அதன் பின்னரே சிறுவர்கள் அக்குழியை விட்டு முற்றாக வெளியேறினர்.

இரண்டாவது நிழல் இதனிலும் கரியது. 1916ஆம் ஆண்டிலே அமெரிக்கக் காங்கிரஸ் தன் யாப்பில் வெள்ளை நிறத்து ஆடவர் மட்டுமே உறுப்பினராகலாம் என்று எழுதிக்கொண்டது. கறுப்பின மக்கள் 1939ஆம் ஆண்டில் டெற்றொயிற் நகரிலே தமக்கென ஒரு தனிச் சங்கம் அமைத்தனர். தொழிற்சங்கங்களும் உரிமை இயக்கங்களும் பல்லாண்டு போராடி, வழக்குமன்றமும் குறுக்கிட்ட பின்னர், 1950ஆம் ஆண்டிலே அத்தடை நீக்கப்பட்டது. ஏட்டிலே பெயர் எழுதுவதுதான் லீக்கின் பெருமை. அவ்வேட்டிலே ஒருவரது பெயரை எழுத மறுத்தால் அந்தப் பெருமையே சிறுமையாகிவிடும். ஏட்டிற் பெயரில்லாமற் போவதன் வேதனையை 1948ஆம் ஆண்டின் இலங்கைக் குடியுரிமைச் சட்டத்துக்குப் பின் மலையகத் தமிழரைப் போல அறிந்தவர் யார்? அவர்களுள் எஞ்சியிருந்தோர்க்கும் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003ஆம் ஆண்டிலேதான் வந்தது.

லீக் செழித்தோங்கிய அதே கூடங்களிலே, பந்தயமும் ஒழிந்துபோகவில்லை. அது நேரத்தை மாற்றிக்கொண்டது. 1950களிலும் 1960களிலும் நியூ யோர்க் நகரத்துக் கூடங்களில் லீக் அணிகள் வீடு திரும்பிய பின், நள்ளிரவுக்கு மேல் வேறொரு கூட்டம் உள்ளே நுழையும். பள்ளியை விட்டு நீங்கிய இளைஞர், வாடகை மோட்டார் ஓட்டுவோர், கூலி பெற்ற கையோடு வந்த தொழிலாளர், இவர்களை எதிர்பார்த்துக் காத்திருந்த தொழில்முறைச் சூதாடிகள். இருவர் ஆடுவர்; சுற்றி நிற்கும் பலர் அவர்கள்மீது பணம் கட்டுவர். அங்கே தேறியவர்களுள் ஏனி ஷ்லெகல் என்பவர் ஒருவர். குடித்துத் தள்ளாடுபவரைப் போல நடித்து, எதிராளியை நம்பவைத்துப் பந்தயத்துக்கு இழுத்த கதையைப் பிற்காலத்தில் அவரே கூறினார். அதனைக் காட்டிலும் கொடியது வேறொரு வழக்கம். பெரும்பணம் கட்டியவர்கள் ஆடுபவனுக்கு இரகசியமாகக் காசு கொடுத்து, வேண்டுமென்றே தோற்கச் செய்வர். தன்மேல் நம்பிக்கை வைத்துப் பணம் கட்டிய நண்பனின் முகத்தைப் பார்த்துக்கொண்டே அவன் பந்தைத் தவறவிடுவான். திறமை வளர்ந்த இடத்திலேயே திறமையை விற்கும் சந்தையும் வளர்ந்தது. விளையாட்டுக்குச் சூது செய்யும் முடிவான தீங்கு இதுவே. பணம் போவது ஒரு பக்கம் இருக்க, வெற்றி தோல்வியே பொய்யாகிவிடுகின்றது.

இத்தகைய கூட்டத்திலிருந்தும் மீண்டவர் உண்டு. 1958ஆம் ஆண்டிலே தொழில்முறைப் பந்துருட்டாளர் சங்கம் 33 உறுப்பினருடன் அமைக்கப்பட்டது. நள்ளிரவுக் கூடங்களில் ஆடிய ஷ்லெகல் பின்னர் வெளிச்சமுள்ள அரங்குக்கு வந்து, 1996ஆம் ஆண்டில், தமது 53ஆம் வயதிலே ‘மாஸ்ரர்ஸ்’ பட்டத்தை வென்றார். அதே கை, அதே பந்து. பார்ப்போர் கண்முன்னே, எழுதப்பட்ட விதிப்படி ஆடியமையே வேறுபாடு. இதற்கிடையில் ஆட்டம் ஆசியாவிலும் பரவி, 1978ஆம் ஆண்டு பாங்கொக்கில் நடந்த ஆசிய விளையாட்டு விழாவிலே இடம் பெற்றது.

காலம் லீக்கையும் விட்டுவைக்கவில்லை. ரொபேட் பட்னம் என்னும் அமெரிக்க அறிஞர் 1995ஆம் ஆண்டில் எழுதிய ஒரு கட்டுரையிலே ஓர் உண்மையைச் சுட்டிக்காட்டினார். 1980ஆம் ஆண்டுக்கும் 1993ஆம் ஆண்டுக்கும் இடையே பந்துருட்டுவோர் தொகை நூற்றுக்குப் பத்து வீதம் கூடியது; ஆனால் லீக் அணிகளில் ஆடுவோர் தொகை நூற்றுக்கு நாற்பது வீதம் குறைந்தது. மக்கள் ஆடுவதை நிறுத்தவில்லை. சேர்ந்து ஆடுவதை நிறுத்தினர். வாரந்தோறும் ஓர் இரவு சந்தித்து, ஊர்ச் செய்தி பேசி, ஒருவர் நோயுற்றால் மற்றவர் விசாரித்த அந்தக் கூட்டுறவு தளர்ந்தது என்பதே அவரது கவலை. லீக் இரவின் பெறுமதி ஆட்டத்தில் மட்டும் இருக்கவில்லை என்பது அது மறையத் தொடங்கிய பின்னரே புலப்பட்டது.

இப்பொழுது இலங்கைக்குத் திரும்பலாம். எட்டாம் ஹென்றியின் சட்டத்தில் கண்ட அதே இருவேறு நீதி இத்தீவிலும் தலைகாட்டியது. 1889ஆம் ஆண்டின் சூதாட்டக் கட்டளைச்சட்டம், பொதுமக்கள் செல்லும் பாதையிலும் தெருவிலும் பொதுச் சூதாட்ட இடத்திலும் பணயம் வைத்து ஆடுவதைக் குற்றமாக்கியது. சேவற்போரும் அதனுள் அடங்கியது. ஊரவர் திருநாளிற் சேவல் விட்டதும், கூலியாள் தெருவோரத்தில் கடதாசி விரித்ததும் பொலிசாருக்கு உரிய விடயங்களாயின. நான்கே ஆண்டுகள் கழித்து, 1893ஆம் ஆண்டில், கொழும்பிலே புதிய குதிரைப்பந்தயத் திடல் கோலாகலமாகத் திறக்கப்பட்டது. அதற்கு முன் காலிமுகத்திடலிலே குதிரைகள் ஓடின. நுவரெலியாவிலோ 1875ஆம் ஆண்டு முதல் பந்தயம் நடந்துவருகின்றது. அங்கே தோட்டத் துரைமார் கூடும் மலைச் சங்கம் 1876ஆம் ஆண்டிலே நிறுவப்பட்டது; நெடுங்காலம் அதன் வாயில் உள்நாட்டவர்க்குத் திறக்கவில்லை. துரை குதிரைமீது கட்டிய பணம் பொழுதுபோக்கு. தொழிலாளி சாக்கின்மீது வைத்த பணம் குற்றம்.

கொழும்புப் பந்தயத் திடலுக்கும் விதி ஒரு விளையாட்டுக் காட்டியது. இரண்டாம் உலகப் போரிலே அது விமானத்தளமாயிற்று. 1942ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள், உயிர்த்த ஞாயிறன்று, யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியபொழுது, எதிரி அறியாத அத்திடலிலிருந்தே போர் விமானங்கள் சில மேலெழுந்தன. போரின் பின் குதிரைகள் மீண்டன. எனினும் 1950களிலே கொழும்புப் பந்தயம் நின்றுபோயிற்று. ஆனால் குதிரைகள் நின்றனவேயொழியப் பந்தயம் நிற்கவில்லை. கடல் கடந்த நாடுகளில் ஓடும் குதிரைகளின்மீது இங்கிருந்தே பணம் கட்டும் ‘புக்கி’ நிலையங்கள் நகரந்தோறும் வேரூன்றின. 1988ஆம் ஆண்டின் பந்தய, சூதாட்ட வரிச் சட்டம் அவற்றிடமிருந்து அரசு வரிபெற வழிசெய்தது. அடைக்கப்பட்ட வாயிலுக்கு அருகிலே மற்றொரு வாயில் திறந்தமைக்கு இதுவும் ஒரு சான்று.

தோட்டத் தொழிலாளியைப் பந்தயம் ஏன் இவ்வளவு எளிதில் ஈர்த்தது என்று கேட்பவர்கள் அவனது கடன் வரலாற்றை நினைத்தல் வேண்டும். இந்தியாவிலிருந்து வந்த நாளிலேயே அவன் கடனாளி. வழிச் செலவு முதல் அரிசி வரை கங்காணியின் கணக்கிலே ஏறியது. ‘துண்டு’ எனப்பட்ட கடன்சீட்டு அவனை ஒரு தோட்டத்திலிருந்து மற்றொரு தோட்டத்துக்கு விலைபேசியது. 1921ஆம் ஆண்டிலே துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. 1927ஆம் ஆண்டின் சட்டம் குறைந்தபட்சச் சம்பளத்துக்கு வழிகோலியது. எனினும் உழைப்பினால் மட்டும் கடனைக் கடக்க இயலாது என்ற எண்ணம் எளிதில் நீங்கவில்லை. ஒரு மாத உழைப்பினால் அடையாததை ஓர் இரவின் அதிர்ஷ்டத்தால் அடையலாமோ என்னும் ஆசை அங்கேதான் முளைக்கின்றது. அதிலும் எஹலியகொடை, இரத்தினபுரிப் பகுதிகள் இரத்தினக்கல் விளையும் மண். குழி தோண்டி, இல்லம் எனப்படும் சரளைமண்ணை அரித்துப் பார்ப்போர்க்கு ஆண்டுக்கணக்கில் ஒன்றும் கிடையாமற் போதலும் உண்டு; ஒரே பகலிற் பெரும்பொருள் கிட்டுதலும் உண்டு. பக்கத்து வயலிலே ஒருவன் கல்லெடுத்தான் என்ற செய்தி லயத்தை எட்டும் நாளில், பொறுமையாகச் சேமிப்பவனும் தன் பொறுமையை ஐயுறுவான்.

ஆதலால், ‘ஆடாதே’ என்ற ஒரு சொல் மட்டும் போதாது. ஆடுவதற்கு நல்லதொரு இடமும் நல்லதொரு ஒழுங்கும் வேண்டும். இங்கேதான் வாசிகசாலையின் கரம் பலகை நினைவுக்கு வருகின்றது. அதுவும் பந்துருட்டைப் போலவே இருமுகம் உடையது. ஒன்பது வெள்ளைக் காய், ஒன்பது கறுப்புக் காய், ஒரு சிவப்புக் காய். நான்கு மூலையிலும் நான்கு பை. சிவப்புக்கு இத்தனை ரூபாய் என்று பந்தயம் கட்டி ஆடினால் அது சூதுப் பலகை. பெயரெழுதி, முறைவைத்து ஆடினால் அது போட்டிப் பலகை. 1988ஆம் ஆண்டிலே சென்னையில் சர்வதேசக் கரம் சம்மேளனம் தோன்றி, இவ்வாட்டத்துக்கு ஒரே விதியை வகுத்தது. நியூ யோர்க்கில் 1895ஆம் ஆண்டு நடந்ததற்கு ஒப்பானது இது. அதன் பயனும் விரைவிலே தெரிந்தது. சென்னையைச் சேர்ந்த மரிய இருதயம் 1991ஆம் ஆண்டிலும் 1995ஆம் ஆண்டிலும் உலகப் பட்டம் வென்று, இந்திய அரசின் அருச்சுனா விருதும் பெற்றார். 2012ஆம் ஆண்டில் இலங்கையின் நிஷாந்த பெர்னாண்டோ உலகப் பட்டத்தை வென்றார். 2024ஆம் ஆண்டில் அமெரிக்காவில் நடந்த உலகக் கிண்ணப் போட்டியிலே மூன்று தங்கப் பதக்கங்களை வென்ற காசிமா, சென்னையில் ஓட்டோ ஓட்டும் ஒருவரின் மகள். எளியோர் வீட்டுப் பிள்ளைகள் ஆடிய பலகையே அவரை உலக அரங்கிலே நிறுத்தியது. பணயம் வைத்து ஆடியிருந்தால் அவர் விரல் வென்றது அன்றைய இரவோடு முடிந்திருக்கும். ஏட்டில் எழுதப்பட்டமையால் அது வரலாறாயிற்று.

இவற்றையெல்லாம் தொகுத்து நோக்கின், ஒரு செய்தி தெளிவாகின்றது. மன்னனின் தண்டமும் மாநிலத்தின் தடையும் சூதினை இடம் மாற்றின, கட்டையின் தொகையை மாற்றின, நேரத்தை மாற்றின. அதன் வேகத்தைத் தணித்தவையோ மிகச் சிறிய பொருட்கள்: எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி எரியும் ஒரு விளக்கு, குறித்துவைத்த ஓர் இரவு, எவர் பெயரையும் ஒதுக்காத ஒரு கொப்பி. இம்மூன்றும் விலையுயர்ந்தவை அல்ல. ஒரு சனசமூக நிலையம் மனம்வைத்தால், ஓர் ஆசிரியரும் இரண்டு இளைஞரும் முன்வந்தால், எந்தத் தோட்டத்திலும் அமைக்கக் கூடியவை.

அவிசாவளையிலிருந்து எஹலியகொடை வழியாக இரத்தினபுரிக்கு 1912ஆம் ஆண்டு முதல் ஓடிய சிறிய ரயில் இன்று இல்லை. 1970களிலே அப்பாதை கைவிடப்பட்டது. துரைமாரின் தோட்டங்கள் 1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தச் சட்டங்களால் கைமாறின. பந்தயமும் இன்று லயத்தின் பின்புறத்தைத் தேடுவதில்லை. கைத்தொலைபேசியின் சிறு வெளிச்சத்திலே, எவரும் அறியாமல், தனியொருவன் முன்னே வந்து அமர்ந்துகொள்கின்றது. பழைய குப்பிவிளக்கைச் சுற்றியாவது நான்கு பேர் இருந்தனர். ‘போதும், எழும்படா தம்பி’ என்று சொல்ல ஒருவராவது இருந்தார். இன்று அந்த ஒருவரும் இல்லை. ஆகவே வாசிகசாலையின் விளக்கு முன்னெப்போதையும் விடக் கூடுதலாக வேண்டப்படுகின்றது. பத்தாம் தேதி இரவிலே அங்கே பலகையில் மா தூவப்பட்டு, கொப்பியின் புதிய பக்கத்தில் பெயர்கள் எழுதப்படுமாயின், அவற்றுள் ஒரு பெயராவது மற்றைய விளக்கை விட்டு வந்தவனுடையதாக இருக்கும். அன்று ஒரு வீட்டிலே சம்பளக் காசு முழுமையாகப் போய்ச் சேரும்.